வியட்நாமின் பழைய நீல-வெள்ளைப் பாண்டத்தைச் சீனப் பீங்கானிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். 15, 16ஆம் நூற்றாண்டு வியட்நாமியக் கிண்ணம், தட்டு பலவற்றின் அடியில் சாக்லேட் நிறப் பூச்சு இருக்கும். ஏன் பூசினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பூச்சு இல்லாதவையும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது மண். சீனாவின் பீங்கான் நகரமான சிங்தெசென்னில் செய்தது நல்ல வெள்ளை, மெல்லியது. வியட்நாமியது சற்றே சாம்பல் சாயலும் தடிமனும் கொண்டது. கோபால்ட் நீலத்தால் வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சுடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வியட்நாமியத் தூரிகை இன்னும் வேகமானது, அலட்சியமானது. எனக்குப் பிடித்ததே அந்த அலட்சியம்தான்.

வியட்நாமியப் பாண்டங்களில் புகழ்பெற்றவை வட வியட்நாமின் ஹாய் சுவாங் பகுதியின் சூ தாவ் சூளைகளில் உருவானவை. சீனாவின் மிங் அரசர்கள் தனியார் கடல் வணிகத்தைத் தடுத்தபோது, வெளிநாட்டுப் பாண்டச் சந்தையில் ஒரு பங்கு வியட்நாமியக் கைவினைஞர்களுக்கு வந்தது. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் உள்ள ஒரு வியட்நாமியக் குடுவையில் 1450ஆம் ஆண்டும், நாம் சாக் என்ற ஊரும், பூயி என்ற குடும்பப் பெயரும் எழுதப்பட்டுள்ளன. அந்தக் கைவினைஞர் பெண்ணா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

மத்திய வியட்நாமின் துறைமுக நகரான ஹோய் ஆன் அருகே கடலில் மூழ்கிய பழைய கப்பலிலிருந்து 1990களின் இறுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியப் பாண்டங்கள் எடுக்கப்பட்டன. பெரும்பங்கு 2000இல் ஏலம் போனது. அதனால்தான் இன்று சிறு கிண்ணங்கள் சந்தையில் சுலபமாகக் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: ‘ஹுவே நீலம்’ (ஹுவே வியட்நாமின் பழைய தலைநகர்) என்று விற்கப்படுபவை பெரும்பாலும் வியட்நாம் அரசவைக்காகச் சீனாவில் செய்யப்பட்டவை.