ஆடுமாடு ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

கப்பல் ஓடும்போதைவிட நிற்கும்போதுதான் பாடு அதிகம். ஓடும்போது திறந்த தளங்களில் காற்று தானாகப் புகுந்து வெளியேறும். நின்றுவிட்டால் அது குறையும். உள்தளங்களுக்கு எப்போதுமே மின்விசிறிதான் கதி. அது நின்றால் வெப்பம், ஈரம், சாணத்திலிருந்து கிளம்பும் அமோனியா மூன்றும் சேர்ந்து ஏறும். மாடு வாயைத் திறந்து, நாக்கை நீட்டி இரைத்தால் நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம். அதனால் ஜெனரேட்டர் அணையவே கூடாது.

அப்புறம் சாணம். நடுக்கடலில் தளத்தைக் கழுவிவிடலாம். துறைமுகத்தில் அந்தக் கழிவைக் கடலில் விட முடியாது. மரத்தூளைப் பரப்பிச் சமாளிப்பார்கள், நாற்றம் மட்டும் போகாது. 2024 பிப்ரவரியில் பிரேசிலிலிருந்து ஈராக்குக்குச் சுமார் 19,000 மாடுகளோடு போன 'அல் குவைத்' கப்பல், தீவனம் ஏற்ற கேப் டவுனில் நின்றது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது.

தண்ணீரிலும் ஒரு சிக்கல்: கடல்நீரை நன்னீராக்கும் கருவியை, அழுக்கான துறைமுக நீரில் பொதுவாக ஓட்டுவதில்லை. வெயிலில் ஒரு பெரிய மாடு நாளுக்கு 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும். சரி, தீவனம்? முன்கூட்டியே ஏற்றியிருந்தால் அதில் பெரிய தலைவலி இல்லை.