டேக்அவே கடை சைனீஸ் கறி சாஸ்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சைனீஸ் டேக்அவே கடைகளில் சிப்ஸ் (நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) மேலும் சோற்றின் மேலும் ஊற்றித் தரும் அந்த மஞ்சள் பழுப்புக் கறி சாஸை வீட்டில் செய்வது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: அக்கா, எங்கட வீட்டுக் கறித்தூள் போட்டுச் செய்து பார்த்தனான். ருசியாத்தான் இருந்தது, ஆனா கடைச் சாஸ் மாதிரி இல்லை. கோழிக் குழம்பு மாதிரி வந்திட்டுது. எங்க பிழை விட்டனான்?

தூளில்தான் பிழை. யாழ்ப்பாணத்துத் தூள் மிளகாயை முன்வைத்து, சரக்குகளை வறுத்து இடிப்பது. அதன் மணம் எதில் போட்டாலும் தன் ஊரைக் காட்டிவிடும். தமிழ்நாட்டுச் சாம்பார் பொடியும் ஒத்துவராது, அதில் பருப்பு இருக்கிறது. இந்தச் சாஸுக்கு வேண்டியது பிரிட்டிஷ் கடைகளில் 'மைல்ட் மெட்ராஸ் கறி பவுடர்' என்று விற்கும் தூள். மல்லி, மஞ்சள், வெந்தயம் மூன்றும் முன்னால் நிற்கும், காரம் பின்னால் மெல்ல வரும். கடைச் சாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வரும் மணத்தில் பாதி வெந்தயம்தான்.

அந்தத் தூள் கிடைக்காவிட்டால்: மல்லித்தூள் 4 டீஸ்பூன், மஞ்சள்தூள் 2, சீரகத்தூள் 1½, வெந்தயத்தூள் 1, கடுகுத்தூள், சுக்குத்தூள், மிளகாய்த்தூள் தலா ½, மிளகுத்தூள் ¼. எதையும் வறுக்க வேண்டாம். தாளிப்பு, கறிவேப்பிலை, தக்காளி, புளி நான்கையும் மறந்துவிடுங்கள். அவற்றில் ஒன்று சேர்ந்தாலும் சாஸ் நம் குழம்பின் பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: நாலு பேருக்குச் சரியான அளவு சொல்லுங்கள். 'தேவையான அளவு' என்று எழுதிவிடாதீர்கள்.

வெங்காயம் 200 கிராம், தோல் சீவிய ஆப்பிள் 100 கிராம், பூண்டு 3 பல், இஞ்சி 15 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 50 மி.லி., மைதா 40 கிராம், மேலே சொன்ன கறித்தூள் 20 கிராம், ஃபைவ் ஸ்பைஸ் தூள் (சீன ஐந்து மசாலாத் தூள்) அரை டீஸ்பூன், சூடான சிக்கன் ஸ்டாக் (ஸ்டாக் க்யூபை வெந்நீரில் கரைத்தது) 700 மி.லி., சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன். உப்பு கடைசியில். ஸ்டாக் க்யூபிலும் சோயா சாஸிலும் உப்பு இருப்பதால் முதலிலேயே போட்டால் தப்பாமல் கரிக்கும்.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் ஆப்பிளையும் குறைந்த தீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்குங்கள். குழைய வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்த வெங்காயம் நல்ல ருசிதான், ஆனால் அது வேறு சாஸ். இஞ்சியும் பூண்டும் சேர்த்து 2 நிமிடம். பிறகு மைதா. கை விடாமல் 4, 5 நிமிடம் கிளறினால் பச்சை வாடை போய் பிஸ்கட் மணம் வரும். அதற்கு அப்புறம்தான் கறித்தூளும் ஃபைவ் ஸ்பைஸும், ஒரே ஒரு நிமிடம்.

இனி ஸ்டாக்கை ஒரு கரண்டி ஊற்றிக் கிளறி, அது முழுதாக மாவில் இழுபட்ட பின் அடுத்த கரண்டி. முதல் நான்கைந்து கரண்டி வரை களி மாதிரி இறுகும், பயப்பட வேண்டாம். இளகத் தொடங்கியதும் மிச்சத்தை மொத்தமாக ஊற்றலாம். சோயா சாஸ், சர்க்கரை சேர்த்து மெல்லிய கொதியில் 20 நிமிடம், அடி பிடிக்காமல் அடிக்கடி துழாவுங்கள். சற்று ஆறவிட்டு மிக்ஸியில் மைய அரைத்து, கம்பி வடிகட்டியில் வடித்து, மறுபடி ஒரு கொதி. இப்போது உப்பு பாருங்கள். வடிகட்டுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். கடைச் சாஸின் வழவழப்பு அங்கேதான் கிடைக்கிறது.

கேள்வி: கட்டி கட்டியாகிறது. கார்ன்ஃப்ளாரைக் கடைசியில் தூவினேன்.

கொதிக்கும் நீரில் உலர்ந்த மாவு விழுந்தால் வெளிப்பக்கம் உடனே வெந்து தோலாகிவிடும், உள்ளே தண்ணீர் போகாது. அதுதான் கட்டி. கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே மெல்லிய தாரையாக விட வேண்டும். ஏற்கெனவே கட்டி விழுந்த சாஸை அரைத்து வடித்தால் காப்பாற்றலாம்.

கேள்வி: கசக்கிறது. சர்க்கரை போட்டும் போகவில்லை.

கறித்தூள் கருகியிருக்கும். வெந்தயம் கொஞ்சம் அதிகம் சூடானாலே கசக்கும், பூண்டும் அப்படித்தான். தூளைச் சேர்க்கும்போது அடுப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பாத்திரம் அதிகச் சூடாகத் தெரிந்தால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தே சேருங்கள். கருகிய கசப்புக்கு மருந்து இல்லை, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மிச்சம். கருகவில்லை, தொண்டையில் லேசான கசப்பு மட்டும் என்றால் தூள் பச்சையாக இருக்கிறது. இன்னும் 10 நிமிடம் கொதித்தால் அடங்கும்.

கேள்வி: மாவை நன்றாகச் சிவக்க வறுத்தால் ருசி கூடுமே, ஏன் பிஸ்கட் நிறத்தில் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

ருசி கூடும், கெட்டித்தன்மை குறையும். அதிகச் சூட்டில் மாவின் ஸ்டார்ச் சிறு துண்டுகளாக உடைந்துவிடும், பிறகு அது நீரைப் பிடித்து வைக்காது. சாஸ் தண்ணியாகிறதே என்று இன்னும் மாவு போடுவீர்கள், கடைசியில் கூழ் ருசி மிஞ்சும்.

கேள்வி: அக்கா, கடைக்காரர்கள் தினமும் இவ்வளவு வேலையா செய்கிறார்கள்?

பெரும்பாலும் இல்லை. எண்ணெய், கோதுமை மாவு, கறித்தூள் சேர்த்து இறுக்கிய விழுதோ பொடியோ மொத்தக் கடையில் வாங்கி நீரில் காய்ச்சுவார்கள். மேஃப்ளவர், மேசான், கோல்ட்ஃபிஷ் போன்ற பெயர்களை அங்கே பார்க்கலாம். அவற்றை வாங்கிச் செய்தால் நீங்கள் குறைந்தவர் என்று அர்த்தமில்லை, கடை ருசிக்கு மிக அருகே போகும் வழி அதுவே.

அதேபோன்ற விழுதை வீட்டிலும் செய்து வைக்கலாம். எண்ணெய் அல்லது உருக்கிய வனஸ்பதி 100 கிராம், மைதா 100 கிராம் இரண்டையும் மிகக் குறைந்த தீயில் 10 நிமிடம் வறுங்கள். இறக்கி, கறித்தூள் 50 கிராம், மஞ்சள்தூள் 5, உலர் வெங்காயத்தூள் 6, பூண்டுத்தூள் 6, சுக்குத்தூள் 2, ஃபைவ் ஸ்பைஸ் 2, உப்பு 15, சர்க்கரை 20, அஜினோமோட்டோ 5 கிராம் சேர்த்துக் கிளறி ஆறவிடுங்கள். 300 கிராமுக்குச் சற்று மேல் வரும். இதில் 65 கிராமை 300 மி.லி. நீரில் கரைத்து, கிளறியபடி 5 நிமிடம் கொதித்தால் இருவருக்குச் சாஸ் தயார். ஈரமில்லாத பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள்.

கேள்வி: அஜினோமோட்டோ கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் கடைச் சாஸில் நாக்கை மறுபடி மறுபடி இழுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. முதல் அளவுக்குக் கால் டீஸ்பூன் போதும், அப்போது உப்பையும் சற்றுக் குறைக்கலாம். பிடிக்காதவர்கள் சோயா சாஸை அரை டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும்.

கேள்வி: தேங்காய்ப் பால்? அன்னாசிப்பூ?

தேங்காய்ப் பால் விட்டால் மலேசியக் கறியின் சாயல் வரும். சில கடைகளில் அப்படியும் செய்கிறார்கள். நான் அதைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன், வெந்தய மணத்தை மூடிவிடுகிறது. அன்னாசிப்பூ ஃபைவ் ஸ்பைஸிலேயே இருக்கிறது, தனியாக வேண்டாம். ஃபைவ் ஸ்பைஸும் அரை டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாஸ் இருமல் மருந்து வாடை அடிக்கும்.

கேள்வி: சிப்ஸுக்கும் கறிக்கும் என்ன சம்பந்தம்? சீன உணவில் இது எப்படி வந்தது?

1950, 60களில் ஹாங்காங்கிலிருந்து, குறிப்பாக அதன் நியூ டெரிட்டரீஸ் கிராமங்களிலிருந்து வந்த பல குடும்பங்கள் பிரிட்டனில் மீன்-சிப்ஸ் கடைகளை எடுத்து நடத்தின. சிப்ஸை விடாமல் பக்கத்தில் சீன உணவையும் விற்றார்கள். ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் கறித்தூள் அவர்களுக்குப் புதிதல்ல. அயர்லாந்தில் ஃப்ரைட் ரைஸ், சிப்ஸ், கறி சாஸ் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு 'த்ரீ-இன்-ஒன்' என்று தருகிறார்கள். பொரித்த கட்லட்டோடு தரும் ஜப்பானியக் கட்சு கறியும் தூரத்து உறவுதான். ஜப்பானுக்கும் கறித்தூள் மெய்ஜி காலத்தில் (1868–1912) பிரிட்டன் வழியாகவே போனது.

கேள்வி: சாஸ் சரியாக வந்தது. ஆனால் அதில் போட்ட சிக்கன் ரப்பர் மாதிரி.

சாஸில் சிக்கனை வேகவிட்டிருப்பீர்கள். நெஞ்சுக்கறி 400 கிராமை நார்க்குக் குறுக்கே அரை செ.மீ. கனத்தில் நறுக்கி, சமையல் சோடா முக்கால் டீஸ்பூன் பிசறி 20 நிமிடம் வையுங்கள். பிறகு நன்றாகக் கழுவி ஈரம் ஒற்றி எடுங்கள். சரியாகக் கழுவாவிட்டால் சோப்பு ருசி வரும். சோயா சாஸ் 2 டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன் பிசறி, நன்றாகக் காய்ந்த வாணலியில் பரப்பி 2 நிமிடம் புரட்டி எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் இதழ் இதழாகப் பிரித்த பெரிய வெங்காயம் ஒரு நிமிடம், ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணி, சாஸ் 400 மி.லி. கொதி வந்ததும் சிக்கனைப் போட்டு 2 நிமிடம். ஒரு துண்டைக் கிள்ளிப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. வெங்காயம் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

கேள்வி: மகனுக்குக் கோதுமை ஆகாது. வழி உண்டா?

உண்டு. மைதாவை விட்டு, கடைசியில் கார்ன்ஃப்ளார் 30 கிராமைக் குளிர்ந்த நீரில் கரைத்து விடுங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும், கோதுமை சேராதது என்று லேபிளில் எழுதிய தமாரி (ஜப்பானிய வகைச் சோயா சாஸ்) வாங்குங்கள். கறித்தூள், ஸ்டாக் க்யூப், ஃபைவ் ஸ்பைஸ் பாக்கெட்டுகளையும் படித்துப் பாருங்கள்.

கேள்வி: முதல் நாள் கெட்டியாக இருந்தது, மறுநாள் நீர்த்துப்போனது. ஃப்ரீசரில் வைக்கலாமா?

ருசி பார்த்த கரண்டியையே திரும்பச் சாஸில் விட்டிருக்கிறீர்களா? உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்துவிடும், ஆறிவரும் சாஸில் அது நன்றாக வேலை செய்யும். ருசி பார்க்கத் தனிக் கரண்டி வையுங்கள். ஃப்ரீசரைப் பொறுத்தவரை மைதாச் சாஸ் ஓரளவு தாங்கும். கார்ன்ஃப்ளார் சாஸ் உறைந்து உருகியதும் நீர் விட்டுப் பஞ்சு போலாகும், அடித்துக் கொதித்தாலும் பாதிதான் திரும்பும். ஆகவே கோதுமை இல்லாத சாஸை உறையவைப்பதானால் கார்ன்ஃப்ளார் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்து, சாப்பிடும் நாளில் கெட்டியாக்குங்கள். எதுவானாலும் அகலப் பாத்திரத்தில் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் 2 நாள், ஃப்ரீசரில் 3 மாதம். சூடாக்கும்போது நடுவிலும் கொதிக்க வேண்டும்.