கடைசித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை

கேள்வி: ஐயா, மியான்மரில் பெகு பக்கம் எங்களுக்கு 12 மாடுகள், அதில் 8 கறவை. ஆழ்குழாய்த் தண்ணீரை மோட்டார் வைத்து 10 அடி மேடையில் இருக்கும் 400 கேலன் டாங்கிக்கு ஏற்றுகிறோம். அங்கிருந்து அரை இஞ்ச் பிவிசி பைப் வரப்பு ஏறி இறங்கி, 250 அடி தள்ளியுள்ள கொட்டகைக்குப் போகிறது. சாயங்காலத்தில் கடைசித் தொட்டிக்குச் சொட்டுதான் வருகிறது. அப்பா பெரிய மோட்டார் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மோட்டாரின் வேலை டாங்கியை நிரப்புவதோடு சரி. கொட்டகைக்குத் தண்ணீரைத் தள்ளுவது மேடையின் உயரம்தான். தொட்டி விளிம்பைக் கழித்தால் உங்களுக்குக் கிடைப்பது 8 அடி. அந்த அழுத்தத்தில் அரை இஞ்ச் பைப் 250 அடி தாண்டி நிமிடத்துக்கு 7 லிட்டர் கொடுத்தாலே அதிகம்.

மேய்ச்சல் முடிந்து மாடுகள் ஒன்றாகத்தான் வரும். தாகத்தோடு வந்த ஒரு மாடே நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் உறிஞ்சிவிடும். முதல் தொட்டியில் பெரிய மாடுகள் நின்றுகொண்டால் வருவதெல்லாம் அங்கேயே தீரும். கடைசித் தொட்டியில் கிடாரி அடித்தளத்தை நக்கிக்கொண்டு, தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவைக் குண்டை மூக்கால் முட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது. கோடையில் கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர் வேண்டும். அது குறைந்தால் முதலில் குறைவது பால்தான். 12 மாட்டுக்கும் சேர்த்து நாளைக்கு 800 லிட்டர் என்று வைத்தாலும் உங்கள் டாங்கி இரண்டு நாள் தாங்கும். ஆகவே தண்ணீர் பற்றாக்குறை இல்லை, வழிதான் குறுகல்.

கடைசித் தொட்டியின் மிதவை வால்வைக் கழற்றிவிட்டு 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். சீக்கிரம் நிரம்பினால் கோளாறு வால்வில். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது அழுத்தம் அதிகமுள்ள லைனுக்கான சின்னத் துளை வால்வு, மேடை டாங்கிக்குப் பெரிய துளை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வாளி மூன்று நிமிடம் இழுத்தால் பைப்பை மாற்றியே ஆகவேண்டும். ஒரு இஞ்ச் போட்டால் தண்ணீர் இரண்டு மடங்கு அல்ல, மூன்று நான்கு மடங்கு வரும்.

வரப்பு மேல் ஏற்றாதீர்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அந்த மேட்டில் காற்று தங்கி லைனை அடைக்கும். வரப்பை வெட்டி, டாங்கியிலிருந்து கொட்டகை வரை ஒரே சரிவாக ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். உங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் பிளந்து பிவிசி ஒட்டுகளை இழுத்துவிடும். சுருளாக வரும் கறுப்பு பைப்பில் ஒட்டும் குறைவு, வளைந்தும் கொடுக்கும். வண்டித் தடம் குறுக்கிடும் இடத்தில் மட்டும் பெரிய பைப்புக்குள் நுழைத்து விடுங்கள்.

நெல் அறுத்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே தோண்டிவிடுங்கள். ஏப்ரலில் திஞ்சான் புத்தாண்டு நேரத்தில் அந்த மண்ணில் கடப்பாரை இறங்காது.

அப்புறம், மிதவைக்குக் கம்பி மூடி போடுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வால்வும், அடியில் கழுவிவிட ஒரு அடைப்பானும் வையுங்கள். கடைசித் தொட்டியை மூலையிலிருந்து இரண்டு பக்கமும் மாடு நிற்கும்படி வெளியே நகர்த்துங்கள், அந்தக் கிடாரியும் ஒதுங்காமல் குடிக்கட்டும்.