அப்பாவின் இரட்டைக்குழல் துவக்கை எப்படி விற்பது?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. பன்றி விரட்டுவதற்காக அப்பா லைசென்சோடு இரட்டைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். இங்கிலாந்தில் செய்தது, பழைய துரை ஒருவரிடமிருந்து வாங்கியது என்பார். அப்பா போன வருடம் தவறிவிட்டார். துவக்கு இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது. பழைய பொருள், நல்ல விலை போகும் என்கிறார்கள். பேஸ்புக்கில் போட்டு விற்கலாமா? அதற்கு முன் பொலிஷ் போட்டுப் புதுசாக்க வேண்டுமா?

பதில்: பேஸ்புக்கும் வேண்டாம், பொலிஷும் வேண்டாம். விலையைப் பிறகு பார்ப்போம். அந்தத் துவக்கை வீட்டில் வைத்திருக்க இப்போது யாருக்கும் லைசென்ஸ் இல்லை, அதுதான் அவசரம். லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது. காணி, வீடு மாதிரி பிள்ளைகளுக்கு இறங்கி வராது. இலங்கையில் துப்பாக்கிச் சட்டம் 1916இலிருந்தே இருக்கிறது. 1996இல் திருத்தித் தண்டனைகளையும் கூட்டினார்கள். ‘அப்பாவுடையது, சும்மாதான் கிடந்தது’ என்பது அங்கே எடுபடாது.

‘புராதனப் பொருளுக்கு லைசென்ஸ் எதற்கு?’ என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். நம் தொல்பொருள் சட்டம் பார்ப்பது 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களை. துரைமார் காலத்துத் துவக்கு அந்தக் கணக்கிலேயே வராது. சுடக்கூடிய துவக்கு எத்தனை வயதானாலும் துவக்குத்தான்.

ஆகவே மரண அத்தாட்சிப்பத்திரம், அப்பாவின் கடைசி லைசென்ஸ், துவக்கின் இலக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் வெறுங்கையோடு பொலிசுக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். துவக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேளுங்கள். மிஞ்சிய தோட்டாக்களையும் சொல்லிவிடுங்கள். ஒப்படைத்தால் இலக்கம் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அடுத்தது பதுளைக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். அம்மா, சகோதரங்களின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். பின்னால் குடும்பத்தில் சண்டை வராது.

சரி, விலை. குழல்களின் நடுப்பட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது செய்தவர் பெயராகவும் இருக்கலாம், விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். உண்மையைச் சொல்வது அடிப்பக்கம். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு, முடிந்தால் பொலிசில் வைத்தே, குழல்களைக் கழற்றிப் பாருங்கள். அங்கே சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால், 1904இல் தொடங்கிய முறைப்படி நைட்ரோ மருந்துக்கு, அதாவது புகையில்லாத வெடிமருந்துக்குச் சோதித்த குழல். அது இல்லாமல், குழலில் அலையலையாகக் கோலமும் தெரிந்தால் அது பெரும்பாலும் டமஸ்கஸ் குழல் (இரும்பையும் உருக்கையும் முறுக்கி ஒட்டிச் செய்தது), பழைய கறுப்பு வெடிமருந்துக் காலத்துச் சாமான். பார்க்க அழகுதான், ஆனால் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்க்கவே கூடாது. பழைய இங்கிலீஷ் பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு) துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே முக்கால். உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும்.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. கழற்றிய குழல்களை அடிப்பக்கக் கொக்கியில் விரலால் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தால் இரு குழல்களின் ஒட்டும் உறுதியாக இருக்கிறது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் ஒட்டு எங்கோ விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும் கூலி துவக்கின் விலையையே தாண்டலாம்.

இத்தனையும் தேறினாலும், லண்டனில் ஏலம் போகும் விலையை இங்கே நினைக்காதீர்கள். இங்கே வாங்கக்கூடியவர் லைசென்ஸ் பெறத் தகுதியுள்ளவர் மட்டும். அவர் பெரும்பாலும் பன்றியோடு மல்லுக்கட்டும் இன்னொரு விவசாயி. கைப்பிடி மரத்தின் கோலத்துக்கு அவர் காசு கூட்டித் தரமாட்டார். வாங்குபவர் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் துவக்கு கைமாற வேண்டும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.

பொலிஷ் வேண்டாம் என்றதற்குக் காரணம், உப்புத்தாள் தேய்த்தால் செதுக்கு வேலையும் முத்திரையும் மழுங்கிப்போகும், பழைய பொருள் தெரிந்தவர் விலையைப் பாதியாக்குவார். ஆனால் நம் பனிக்கும் மழைக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒப்படைக்கும் முன் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், விற்கும் முன் குடும்பத்துக்குள் ஒருமுறை விசாரியுங்கள். மரக்கறித் தோட்டத்தை இனிப் பார்க்கப்போகும் தம்பியோ சித்தப்பாவோ தன் பெயரில் லைசென்சுக்கு விண்ணப்பித்தால், துவக்கும் காணியும் ஒரே இடத்தில் நிற்கும், பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணமும் அவர் பக்கம் பலமாக இருக்கும். வீட்டில் யாருக்கும் வேண்டாமென்றால் வெளியே ஆள் தேடுங்கள்.