ஒரு வரியில் முடிகிற வேலையா அது?

கேள்வி: படித்துக்கொண்டே 2 வருடம் கல்லூரி நூலகத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். இப்போது அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ரெஸ்யூமில் ‘நூலக உதவியாளர்’ என்று எழுதினால் அதோடு முடிந்துவிடுகிறது. வேறு என்ன எழுதுவது?
- ஒரு வாசகி

பதில்: பதவியின் பெயரை எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள், அதனால்தான் வரி தீர்ந்துபோகிறது. ஒரு தாளை எடுத்து, வேலைக்குப் போன ஒரு சாதாரண நாளை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். திரும்பி வந்த புத்தகங்கள் மேசையில் குவிந்து கிடந்திருக்கும், அவற்றை எண்வாரியாகப் பிரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றி அலமாரியில் வைத்திருப்பீர்கள். நடுவில் அபராதம் எதற்கு என்று ஒருவர் சண்டைக்கு வந்திருப்பார், கணினியில் தேதியைக் காட்டிப் பொறுமையாகப் பேசி அனுப்பியிருப்பீர்கள். மாலையில் வசூலான தொகையை ரசீதோடு சரிபார்த்து ஒப்படைத்திருப்பீர்கள். அலுவலகத்துக்கு ஆள் எடுப்பவர் தேடுவது இதைத்தானே?

‘உதவி செய்தேன்’, ‘பொறுப்பு வகித்தேன்’ போன்ற பிடிகொடுக்காத சொற்களை விட்டுவிடுங்கள். ‘வாரம் 12 மணி நேரம், ஒரு ஷிப்டில் சுமார் 150 புத்தகங்களைச் சரிபார்த்து அடுக்கினேன், புதிதாகச் சேர்ந்த 3 மாணவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன்’ என்று எழுதினால் கண்ணில் நிற்கும். நான் போட்ட எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுடையதைப் போடுங்கள். நேர்காணலில் ‘150 எப்படி?’ என்று கேட்டால், ஒரு வண்டிக்கு இவ்வளவு, ஒரு ஷிப்டுக்கு இத்தனை வண்டி என்று கணக்குச் சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத எண் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதில் ‘டேட்டா என்ட்ரி’ என்று இருந்து, நீங்களும் உறுப்பினர் விவரங்களைக் கணினியில் ஏற்றியிருந்தால் அதே சொல்லைப் போடுங்கள், ஏனென்றால் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பம் முதலில் இப்படிப்பட்ட சொற்களைத் தேடும் மென்பொருளிடம்தான் போகிறது. ரெஸ்யூமில் கட்டங்களும் படங்களும் இருந்தால் அந்த மென்பொருளைக் குழப்பிவிடலாம். ஒரு பக்கம் போதும். மாணவர் வேலை என்பதை மறைக்காதீர்கள், படிப்பையும் விடாமல் 2 வருடம் ஒரே இடத்தில் நிலைத்திருந்தீர்கள் என்று தேதிகளே காட்டிக்கொடுக்கும்.

‘ரெஃபரன்ஸாக உங்கள் பெயரைப் போடலாமா?’ என்று நூலகரிடம் கேட்கப் போவீர்கள் அல்லவா, அப்போது இதையும் கேளுங்கள்: ‘நான் வராத நாளில் எந்த வேலை தேங்கிப்போனது?’ அவர் சொல்வதை முதல் வரியாக எழுதுங்கள்.