கல்லுக்குப் பின்னால் ஒரு முத்திரை

கேள்வி: இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் வசிக்கிறோம். கோடை விடுமுறைக்கு என் பெற்றோர் ஊரிலிருந்து வருகிறார்கள். ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் அவர்களோடு ‘லெட்டர்பாக்ஸிங்’ என்னும் புதையல் வேட்டைக்குக் காட்டுப்பாதையில் அழைத்துப் போக ஆசை. பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. எப்படி ஏற்பாடு செய்வது?
– ஒரு வாசகி, எக்ஸிடர்

பதில்: நீங்கள் இருக்கும் டெவன் பகுதிதான் இந்த விளையாட்டின் பிறந்த வீடு. சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் 1854-இல் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்னும் எளிதில் எட்ட முடியாத சதுப்பிடத்தில் ஒரு புட்டியை வைத்து, அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போக வழிசெய்தார். பின்னாளில், விலாசம் எழுதிய அஞ்சலட்டையை ஒருவர் அங்கே விட்டுச்செல்ல, அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பது வழக்கமாயிற்று. இன்று பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தம் நோட்டிலும், தம் சொந்த முத்திரையைப் பெட்டியின் நோட்டிலும் பதித்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்து வைக்க வேண்டும். வீட்டுக்கு எதையும் எடுத்துவருவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதையல் என்றதும் பொம்மையை எதிர்பார்த்து வந்த ஒரு சிறுவன் பெட்டியைத் திறந்து பார்த்து அழுததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

கிரான்மியர் பக்கம் பெரியவர்களோடு போக வேண்டாம். சதுப்பு ஒருபுறம், ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நிலம் மறுபுறம். டீன் ஆற்றங்கரையில் ஃபிங்கிள் பாலத்தை ஒட்டிய ஓக் காடு உங்களுக்கு ஏற்றது. அதை நேஷனல் டிரஸ்டும் உட்லேண்ட் டிரஸ்டும் சேர்ந்து பராமரிப்பதால், நீங்களே பெட்டி வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மண்ணைத் தோண்டுவதும், கல்சுவரிலிருந்து கல்லை உருவுவதும், பழங்காலக் கோட்டை மேடுகளில் பெட்டி வைப்பதும் கூடாது. இரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு பெட்டிகள் போதும். நாற்புறமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவைச் சாப்பாட்டு வாசனை போகக் கழுவி, நோட்டை ஜிப் உறையில் போட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள்; ஈரம் பட்டாலும் பென்சில் எழுத்து கலையாது.

முத்திரையைக் கடையில் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய அழிப்பானில் ஒவ்வொருவரும் தமக்கான உருவத்தை வரைய, கத்தி பிடிக்கும் வேலையைத் தாத்தா பார்த்துக்கொள்ளட்டும். எழுத்தைச் செதுக்கினால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ‘ப’வை இடவலமாகத் திருப்பினாலும் ‘ப’தான், ‘ட’வை அப்படியே செதுக்கினால் தாளில் திரும்பிக்கொண்டு நிற்கும். தமிழ் எழுத்தின் வடிவத்தைப் பிள்ளைகள் கைவிரலால் அறிய இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள். தாத்தாவோ பாட்டியோ உரக்கப் படிக்க, பிள்ளைகள் கேட்டு நடக்கட்டும். உதாரணமாக: ‘பாலத்தைத் தாண்டி, ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நட. இரண்டாகப் பிரிந்த ஓக் மரம் வந்ததும் ஆற்றுக்கு முதுகு காட்டி நில். அக்காவின் காலடியில் இருபது. பாசி போர்த்திய கல்லின் பின்புறம் பார்.’ யாருடைய காலடி என்று சொல்லாவிட்டால் பெரியவர்களின் இருபது காலடி பெட்டியைத் தாண்டிப் போய்விடும். விழுந்து கிடக்கும் கிளை, பூத்திருக்கும் செடி போன்று நாளைக்கே மாறக்கூடியவற்றை அடையாளமாகச் சொல்லாதீர்கள்.

பெரணிப் புதர்களில் உண்ணி உண்டு; அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள்.

பெட்டியை மறுபடி மறைக்கும் வேலையை மகனுக்குக் கொடுங்கள். பாதையில் நிற்கும் பாட்டி “இன்னும் தெரியுது கண்ணா” என்று சொல்லும்வரை அவன் சருகை அள்ளி அள்ளி மூடிக்கொண்டிருப்பான்.