வெனிஸில் முதல் நடை: கேள்வி பதில்

வெனிஸை அடுத்த மெஸ்த்ரேயில் பதினொரு வருடம் குடியிருந்தேன். வேலை தீவுக்குள்; தினமும் நடைதான். முதல் முறை போகிறவர்கள் அங்கே நடப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, விமான டிக்கெட் மட்டும் வேண்டாம்.

கார்த்திக்: அண்ணா, ஸ்டேஷனிலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாமா?

தாராளமாக. விறுவிறுவென்று நடந்தால் முக்கால் மணிக்குள் போய்விடலாம். வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் ஒன்றரை மணி. சாந்தா லூச்சியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம் திரும்பி, ஸ்த்ராதா நோவா என்ற தெரு வழியாக ரியால்ட்டோ பாலம் வரை போய், அங்கிருந்து சான் மார்க்கோ. முக்கியமான முனைகளில் சுவரில் வழிகாட்டிப் பலகை இருக்கும். சில இடத்தில் ஒரே பெயருக்கு இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். குழம்ப வேண்டாம், இரண்டு வழியும் போகும்.

ஒன்றே ஒன்று: பெரிய சக்கரப் பெட்டி கொண்டுபோகாதீர்கள். 400-க்கும் மேல் பாலங்கள், அநேகமாக எல்லாமே படிக்கட்டு. ஒவ்வொன்றிலும் பெட்டியைத் தூக்கி ஏறி, தூக்கி இறங்க வேண்டும்.

நித்யா: கொந்தோலா படகுக்கு எவ்வளவு?

பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவில் 110. படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஊருக்கு நடுவே ஓடும் பெரிய கால்வாயை அந்தக் கரைக்குக் கடந்தால் போதும் என்றால் த்ராகெத்தோ, அதாவது கரை கடத்தும் படகு, இருக்கிறது, 2 யூரோ.

சரவணன்: ஓட்டல் விலாசத்தில் 'காஸ்தெல்லோ' என்று போட்டு நாலு இலக்க எண் மட்டும் இருக்கிறது. தெருப் பெயரே இல்லையே?

நல்ல கேள்வி. நம் ஊர் மாதிரி அங்கே தெருவுக்குத் தெரு எண் தொடங்காது. ஊர் ஆறு பேட்டைகள். பேட்டைக்கு ஒரே வரிசை. சான் மார்க்கோ பேட்டையின் 1-ஆம் எண் தோஜே அரண்மனை, பழைய வெனிஸ் குடியரசுத் தலைவரின் மாளிகை. அங்கே தொடங்கும் வரிசை சந்து சந்தாக நுழைந்து ஐயாயிரத்தைத் தாண்டும். காஸ்தெல்லோ ஆறாயிரத்துக்கும் மேல். ஒரு எண்ணைக் கண்டதும் அடுத்தது பக்கத்து வாசல் என்று நம்பிப் போனால், அது மூலை திரும்பி வேறு முற்றத்துக்குள் இருக்கும்.

அதனால் ஓட்டலில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எண், சந்தின் பெயர், பக்கத்துக் காம்போ. காம்போ என்பது சின்ன சதுக்கம். கால்லே என்றால் சந்து. ஃபொந்தமெந்தா என்றால் கால்வாயோரப் பாதை. ரியோ தெரா என்றால் தூர்த்த கால்வாய், இப்போது தெரு. பெயரைச் சுவரிலேயே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டத்தில் கறுப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதற்கு நித்சியோலெத்தோ, அதாவது குட்டிப் போர்வை, என்று பெயர். 'கால்லே தெல் ஃபோர்னோ', ரொட்டி அடுப்புச் சந்து, ஒன்றல்ல, பல உண்டு. பேட்டையையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிரவீன்: கொந்தோலா ரேட் சொல்லுங்க சார்.

நித்யாவுக்குச் சொன்னதுதான்.

குமார்: இவ்வளவு எதற்கு? போனில் மேப் இருக்கிறதே. நான் அதை வைத்தே மூன்று நாள் சுற்றினேன்.

சுற்றலாம். ஆனால் இரு கை விரித்தால் சுவர் தொடும் சந்தில் நீலப் புள்ளி கால்வாய்க்கு அந்தப் பக்கம் தாவிவிடும். இருபது மீட்டர்தான் என்று நடந்தால் சந்து தண்ணீரில் போய் முடியும். பாசி பிடித்த நாலு படி, அப்புறம் கால்வாய். போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு மதியமாவது வழி தவறிப் பாருங்கள். அது தீவு, எங்கே போனாலும் ஏதாவது ஒரு கரையில்தான் வந்து நிற்பீர்கள்.

லட்சுமி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வழி தவறுவது கால் நன்றாக இருப்பவர்களுக்குச் சரி. என் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஒரு தப்பான திருப்பம் என்றால் அவருக்கு இரண்டு பாலம் கூடுதல்.

குமார்: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

லட்சுமி சொல்வது நியாயம். எல்லோருக்கும் ஒரே யோசனை சொன்னது என் தவறு. அம்மாவுக்கு வபோரெத்தோ, அதாவது நீர்ப்பேருந்து, 1-ஆம் எண் எடுங்கள். பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். ஒரு டிக்கெட் 9.50 யூரோ என்பதால் ஒரே நாளில் பல முறை ஏறினால் நாள் பாஸ் லாபம். ஜியார்தினி நிறுத்தத்தில் இறங்கினால் மர நிழலில் ஒரு பாதை நேராக வியா கரிபால்டியில் கொண்டுவிடும். நெப்போலியன் காலத்தில் கால்வாயைத் தூர்த்துப் போட்ட அகலத் தெரு அது. குறுக்கே பாலமே வராது. அம்மா அங்கே உட்கார்ந்து காபி குடிக்கட்டும், நீங்கள் பக்கத்துச் சந்துகளில் சுற்றிவிட்டு வாருங்கள்.

குமார், நமக்குள் இது தீராது. விட்டுவிடுவோம்.

ஆனந்தி: நவம்பரில் வெள்ளம் வருமாமே? முழங்கால் பூட்ஸ் வேண்டுமா?

2020 அக்டோபரிலிருந்து மோசே என்ற கடல் மதகுகள் பெரிய அலையேற்றத்தைத் தடுக்கின்றன. பொதுவாக அலையேற்றம் 110 செ.மீ. எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால்தான் உயர்த்துவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வு; அதற்கு முன்பே தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஒரு ஜோடி மாற்றுக் காலுறை போதும். அதைவிட, மழையில் பாலப் படிகளின் வெள்ளைக் கல் விளிம்பு வழுக்கும். நடுவில் கால் வையுங்கள்.

பாலா: ட்ராலி பேக் சின்னதுதான், பரவாயில்லையா?

ஒரு கையில் தூக்கி நாற்பது படி ஏற முடிந்தால் பரவாயில்லை.

மீனா: காம்போக்களின் நடுவே மூடி போட்ட கல் உருளை இருக்கிறதே, என்ன அது?

கிணற்றுக் கட்டை. சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்க மழைதான் கதி. அருகே போய்த் தரையைப் பாருங்கள்: கல் பாவியது துளி சரிவாக இருக்கும், தாழ்ந்த இடங்களில் ஓட்டை போட்ட வெள்ளைக் கல். மழைநீர் அதில் இறங்கி, அடியில் நிரப்பிய மணலில் வடிந்து, கிணற்றுக்குள் ஊறும். குனிந்தால் சில கிணற்று விளிம்புகளில் கயிறு அறுத்த தடம் விரலுக்குத் தட்டுப்படும்.